பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால்

மலேசியாவில், பேராக்கின் சுங்காய் டவுனில் இரும்புச் சாமான் விற்கும் கடைக்குப் பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டையில் குத்திய சின்னச் சின்னப் பூட்டுகள் வரிசையாகத் தொங்கும். மண்வெட்டிக்கும் ஆணிக்கும் வந்தவர்கள் நடுவில், பெட்டிப் பூட்டுக்கு வந்தவரைக் கடைக்காரத் தவுக்கே முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "பாலிக் இந்தியா கா?" (இந்தியாவுக்கா போறீங்க?) என்று கேட்டுக்கொண்டே இரண்டை எடுத்து வைப்பார், பெரிய பெட்டிக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று. கூடவே நைலான் கயிறு ஒரு சுருள். பேர் எழுத ஒரு மார்க்கர் பேனா. ஊருக்குப் போவது உறுதியாகிவிட்டது.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நான்தான் பலருக்கு இணையத்தில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவன். டிக்கெட் போடத் தெரிந்தவனுக்கு விமானம் சம்பந்தப்பட்ட மற்ற எல்லாமும் தெரியும் என்பது இங்கே பொதுவான நம்பிக்கை. அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் கேள்விகள் வரும். அதில் முதலிடம் இதற்குத்தான்: "செக்-இன் பண்ற பெட்டிக்குப் பூட்டுப் போடலாமா? போட்டா ஒடச்சிடுவாங்களாமே?" இன்னொருவர் இதற்கு நேர் எதிராகக் கேட்பார்: "போடலன்னா எடுத்துடுவாங்களாமே?" ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிச் சலித்துவிட்டது. இனி இந்தப் பதிவின் சுட்டியைத்தான் அனுப்பப்போகிறேன்.

சுருக்கமான பதில், தாராளமாகப் போடலாம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ போகும் பெட்டியில் பூட்டுத் தொங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பூட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

வீட்டில் பழைய ஜிப் பெட்டி ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரன்னரையும் சேர்த்துப் பூட்டுங்கள். இப்போது ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையை ஜிப் பற்களுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். நைலான் ஜிப் என்றால் அப்படியே பிளந்துகொண்டு போகும். கையை விட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்து முடித்ததும், பூட்டோடு சேர்ந்திருக்கும் ரன்னர் இரண்டையும் பெட்டியைச் சுற்றி ஒரு முறை இழுத்துவிட்டால் பிளந்த இடம் மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். சாவி உங்கள் பையில் இருக்கும். பெட்டிக்குள் இருந்த பொருள் மட்டும் இருக்காது. என் அக்கா மகனுக்கு இதைச் செய்து காட்டினேன். அதிலிருந்து அவன் என் சட்டைப் பையில் இருக்கும் பேனாவை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ரன்னர்கள் நகர முடிந்தால்தான் பிளந்ததை மூட முடியும். ரன்னர்களைப் பெட்டியின் உடம்பிலேயே இருக்கும் ஒரு வளையத்தோடோ கைப்பிடியோடோ சேர்த்துப் பூட்டிவிட்டால் அவை இடத்தைவிட்டு அசையாது. அப்போதும் பேனாவால் திறக்கலாம். ஆனால் மூட முடியாது. பெட்டி வாயைப் பிளந்துகொண்டுதான் வரும், வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கவாட்டில் எண் பூட்டுப் பதித்து, ரன்னரின் நுனியை அதற்குள் செருகும் பெட்டிகள் இந்தக் காரணத்தால் நல்லவை. ஜிப்பே இல்லாமல் அலுமினியச் சட்டமும் கொக்கியும் வைத்த கெட்டிப் பெட்டி இன்னும் நல்லது. விலையும் கனமும்தான் இடிக்கும். பெட்டியே ஐந்து கிலோ என்றால் ஊருக்கு வாங்கிய மைலோவை எங்கே வைப்பது?

பூட்டின் மேல் நமக்கு இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது கப்பல் காலத்துச் சொத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுங்காய், துரோலாக், சிலிம் ரிவர், பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் வீட்டில் ஒரு தகர டிரங்குப் பெட்டியாவது இருந்திருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் போய்த் தாமான் வந்த பிறகும், கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி கிடந்தது. ராஜுலா கப்பலில் வந்த தலைமுறை அது. அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டு, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

கப்பலின் தளத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்கள். பெட்டியில் தொங்கியது பெரும்பாலும் இரும்புப் பூட்டு. வசதி இருந்தவர்களிடம் கனமான திண்டுக்கல் பூட்டு. கையால் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது, காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்த அதே சமயத்தில். மாங்காய் வடிவத்தில் ஒரு வகை உண்டு, பார்த்திருப்பீர்கள். தூங்கும் நேரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் கை வைக்காமல் இருக்க அந்தப் பூட்டுப் போதும். தட்டினால் சத்தம் வரும், எழுந்துவிடலாம். பெட்டியும் உடைமைக்காரனும் ஒரே தளத்தில் இருந்தார்கள் என்பதுதான் அங்கே உண்மையான காவல். பூட்டு அதற்குத் துணை.

விமானத்தில் அப்படி இல்லை. கவுண்டரில் பெட்டியைக் கொடுத்த நொடியில் அது கண்ணைவிட்டு மறைகிறது. பட்டையில் ஓடி, ஊடுகதிர் எந்திரத்தில் நுழைந்து, பிரிக்கப்பட்டு, வண்டியில் ஏறி, விமானத்தின் வயிற்றுக்குள் ஒருவர் தூக்கி அடுக்கி, அந்தப் பக்கம் இன்னொருவர் இறக்கி, மறுபடி பட்டையில் ஏறி நம்மிடம் வருகிறது. நடுவில் வேறு விமானத்துக்கு மாற வேண்டியிருந்தால் இதெல்லாம் இரண்டு மடங்கு. நீங்கள் மேலே ஜன்னலோர இருக்கையில் இருக்கிறீர்கள். தட்டினால் யாருக்குக் கேட்கும்?

இதில் திறக்கப்படுவதெல்லாம் திருட்டும் இல்லை. ஊடுகதிரில் சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால் திறந்து பார்ப்பது அவர்கள் கடமை. இப்போதெல்லாம் அப்படி மாட்டுவதில் பவர் பேங்குக்குத் தனி இடம். லித்தியம் மின்கலம் சரக்கறையில் தீப்பற்றினால் அணைக்க ஆள் இல்லை, அதனால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒரே விதி. 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வி இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே எரிந்துபோன பிறகு, நம் பக்கத்து விமான நிறுவனங்களும் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதில் கெடுபிடி காட்ட ஆரம்பித்தன.

இன்னொன்று கொப்பரைத் தேங்காய். ஊரிலிருந்து திரும்பும்போது ஆசையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால், தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் பட்டியலில் கொப்பரை இருக்கிறது. இந்திய விமான நிலையங்களில் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். முழுத் தேங்காய்க்கும் கைப்பையில் அங்கே தடை உண்டு. சபரிமலைக்குப் போகிறவர்கள் சிரமப்படுகிறார்கள் என்று 2024 அக்டோபரில் ஒரு சலுகை கொடுத்தார்கள். இருமுடியில் இருக்கும் தேங்காயை மட்டும் சோதனைக்குப் பிறகு உள்ளே கொண்டுபோகலாம் என்றார்கள், அதுவும் 2025 ஜனவரி 20 வரை. இந்தப் பக்கத்திலிருந்து மாலை போட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் அப்போதைய விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பூட்டுப் போட்டவர்களுக்கு இங்கேதான் சிக்கல். எங்கள் சித்தப்பா இரண்டு பெட்டிக்கும் பூட்டுப் போட்டார். சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய பெட்டியின் சாவியைச் சின்னப் பெட்டியில் போட்டு, சின்னதைப் பூட்டி, இரண்டையும் கவுண்டரில் கொடுத்துவிட்டார். பெரிய பெட்டியில் பவர் பேங்க். பேர் சொல்லி அழைத்தார்கள். பெட்டி இங்கே, சாவி இருக்கும் பெட்டி எங்கே? பூட்டை அவர் கண் முன்னாலேயே வெட்டினார்கள். சித்தி இன்றைக்கும் அந்தப் பூட்டின் விலையைச் சொல்லிக் காட்டுவார். சாவி உங்கள் உடம்போடு இருக்கட்டும். எண் பூட்டென்றால் இந்தத் தொல்லையே இல்லை, எண் மறக்காதவரை.

கடைகளில் சிவப்பு வைர வடிவக் குறி போட்ட பூட்டைப் பார்த்திருப்பீர்கள். "டி.எஸ்.ஏ. பூட்டு" என்று கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்பார்கள். அதன் கதை சுவையானது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா போக்குவரத்துப் பாதுகாப்புக்கென்று டி.எஸ்.ஏ. என்ற தனித் துறையை அமைத்தது. ஒப்படைக்கும் எல்லாப் பெட்டிகளையும் சோதிப்போம், பூட்டியிருந்தால் உடைப்போம் என்றது. 2003இல் டிராவல் சென்ட்ரி என்ற நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. பூட்டுக்கு உங்களிடம் ஒரு சாவி, அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் திறக்கும் தலைமைச் சாவிகள். பூட்டில் டி.எஸ்.ஏ. 007 என்பது போல எண் பொறித்திருக்கும். எந்தச் சாவி என்று அவர்களுக்குத் தெரிவதற்காக.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2014இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் பெட்டிகளின் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. கூடவே அந்தத் தலைமைச் சாவிகளின் தெளிவான படம். அடுத்த ஆண்டு அந்தப் படத்தை வைத்தே யாரோ சாவிகளின் முப்பரிமாண வரைபடத்தை உருவாக்கி இணையத்தில் போட்டார்கள். பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் திறந்தும் காட்டினார்கள். படம் எடுத்துப் பத்திரிகையில் போடும் வரை அந்தத் துறையில் ஒருவருக்குமா உறைக்கவில்லை? சாவி யார் கையில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நுவார்க் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கும் அதிகாரி ஒருவரே கேமராக்களைத் திருடி ஈபேயில் விற்று 2008இல் பிடிபட்டு, சிறைக்கும் போனார்.

நம் விஷயத்துக்கு வருவோம். சுங்காயிலிருந்து திருச்சிக்குப் போகிறவருக்கு அந்த அமெரிக்கத் துறையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவுக்கோ, அந்தச் சாவி முறையை ஏற்றுக்கொண்ட வேறு நாடுகளுக்கோ போகிறவர்கள் வாங்கட்டும். மற்றவர்கள் அந்தச் சிவப்புக் குறிக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம்.

திருட்டுப் பயம் எவ்வளவு நியாயமானது? விமான நிறுவனங்களுக்குப் பெட்டிகளைத் தேடித் தரும் கணினி முறையை நடத்தும் சிட்டா நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2024இல் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் ஏதோ ஒரு வகையில் சிக்கலில் மாட்டின. 2007இல் இது ஏறத்தாழ 19. அப்படி மாட்டியவற்றில் நான்கில் மூன்று பங்கு வெறுமனே தாமதமாக வந்தவை. விமானம் மாறும் இடத்தில் ஏற்றாமல் விட்டது, தவறான ஊருக்கு ஏற்றியது, இப்படி. ஆக உங்கள் பெட்டியைத் திருடன் எடுப்பதைவிட அது உங்களுக்கு முன்பே பெங்களூரைப் பார்த்துவிட்டு வரும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பூட்டு என்ன செய்யும்?

அப்படியானால் எதற்குத்தான் பூட்டு? எனக்குத் தெரிந்து இரண்டு வேலை. ஒன்று, தூக்கிப் போடும்போது ஜிப் தானாகத் திறந்துகொள்ளாமல் காப்பது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திருச்சியில் பட்டையில் வேட்டியும் முறுக்குப் பொட்டலமும் தனித்தனியாக ஊர்வலம் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு, சாட்சி சொல்வது. யாராவது கை வைத்தால் அடையாளம் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்குப் பூட்டைவிடப் பிளாஸ்டிக் கேபிள் டை நல்லது என்பது என் கட்சி. வெட்டாமல் கழற்றுவது சுலபமில்லை. வெள்ளையும் கறுப்பும் எல்லாரிடமும் இருக்கும், அதனால் ஊதாவோ ஆரஞ்சோ வாங்குங்கள். வரிசை எண் அச்சிட்ட முத்திரைகள் கிடைத்தால் அதைவிட நல்லது, எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இறங்கியதும் வெட்டுவதற்கு ஒரு நகவெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் காசு கொடுத்துச் சுற்றும் பிளாஸ்டிக் தாளைப் பற்றியும் கேட்பார்கள். கீறல் விழாது, ஜிப் மறையும், அவ்வளவுதான். ஒரு பிளேடு போதும். சோதனைக்காக வெட்டினால் திருப்பிச் சுற்றித் தரமாட்டார்கள். நைலான் கயிறும் அதே இனம்தான், இருந்தாலும் கயிற்றுக்கு ஒரு மரியாதை உண்டு என்னிடம். மூலைக்கு மூலை கட்டி, "சுங்காய், பேராக், மலேசியா" என்று பெரிய எழுத்தில் எழுதிய பெட்டியை யாரும் தன்னுடையது என்று நினைத்துத் தவறாகத் தூக்கிப் போகமாட்டார்கள். கறுப்புப் பெட்டிகள் நூறு சுற்றும் பட்டையில் அது சின்ன விஷயமில்லை.

தங்கம், பணம், பாஸ்போர்ட், மடிக்கணினி, தினமும் சாப்பிடும் மருந்து, இவை எதுவும் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகக்கூடாது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நகையைப் பட்டுப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். தொலைந்தால் விமான நிறுவனத்தின் பயண நிபந்தனைகளைக் காட்டுவார்கள், நகையும் பணமும் இதில் வைக்காதீர்கள் என்று அதில் முன்பே எழுதியிருக்கும். மற்ற பொருள்களுக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. மலேசியாவும் இந்தியாவும் பின்னர் இணைந்த 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். அது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பட்டு நான்கைந்து வைத்திருந்தால் அதிலேயே முடிந்துவிடும்.

பெட்டி உடைந்தோ திறந்தோ வந்தால், சுங்கச் சோதனையைத் தாண்டி வெளியே போகாதீர்கள். பட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கவுண்டரில் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். வெளியே மாமா வேன் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று அவசரப்பட்டுப் போய்விட்டால், பிறகு எங்கே உடைந்தது என்ற வாதம்தான் மிஞ்சும். சேதத்துக்கு எழுத்து மூலம் ஏழு நாளைக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளைக்குள் சொல்ல வேண்டும். மலேசியாவில் பயணிகளுக்கென்று 2016 முதல் தனிப் பாதுகாப்பு விதிமுறை இருக்கிறது. விமான நிறுவனம் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் முன்பு மாவ்காம் ஆணையத்திடம் போகலாம், 2025 ஆகஸ்ட்டில் அது பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டதால் இப்போது அங்கே. ஒப்படைக்கும் முன் பெட்டியைத் திறந்தபடி ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம், எடைத் தராசின் எண்ணோடு ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பொருள் போவதைப் பற்றி. பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். நம் பெட்டியின் பேரில் நமக்குச் சொந்தமில்லாத பொருள் வந்து சேருவதுதான் எனக்குப் பயம்.

பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் அந்தப் பத்து இலக்கச் சீட்டைப் பாருங்கள். பூட்டைவிட அதற்குத்தான் அதிகாரம். பயணி ஏறாமல் அவருடைய பெட்டி மட்டும் பறக்கக்கூடாது என்ற விதிக்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டியை வான்கூவரில் ஒருவர் ஒப்படைத்துவிட்டு, அவர் விமானம் ஏறவே இல்லை. பெட்டியையும் ஆளையும் கட்டிப்போடும் நடைமுறை அதற்குப் பிறகுதான் இறுகியது. அந்தச் சீட்டு உங்கள் பேரில் அச்சடித்த கையெழுத்து மாதிரி.

அந்தக் கையெழுத்தை மாற்ற முடியுமா? சாங்கி விமான நிலையத்தில் 2016 நவம்பரிலிருந்து 2017 பிப்ரவரி வரை ஒரு ஊழியர், வேலையில் இருந்த மனக்கசப்பில், 286 பெட்டிகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டினார். 2019இல் அவருக்கு 20 நாள் சிறை. அங்கே பெட்டிகள் தவறான ஊருக்குப் போனதோடு சரி. 2023இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்தது அதைவிடப் பயங்கரம். ஜெர்மனிக்குச் சுற்றுலா போன இரண்டு பெண்களின் சீட்டுகளைக் கழற்றி, கொக்கெய்ன் நிரப்பிய பெட்டிகளில் ஒட்டிவிட்டார்கள். பிராங்க்பர்ட்டில் இறங்கியவர்கள் நேராகச் சிறைக்குப் போனார்கள். விமான நிலையக் கேமராப் பதிவுகள் கிடைத்து வெளியே வர 38 நாள் ஆயிற்று. அவர்களுடைய சொந்தப் பெட்டியில் எவ்வளவு பெரிய பூட்டுத் தொங்கினாலும் ஒரு பயனும் இருந்திருக்காது. பெட்டியின் நிறம், எடை, சீட்டின் எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள் என்று நான் எல்லாரையும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஆஸ்திரேலியாவின் சாப்பல் கார்பி வழக்கும் பலருக்கு நினைவிருக்கும். 2004 அக்டோபரில் பாலித் தீவில் இறங்கியபோது அவருடைய கடல் சறுக்குப் பலகைப் பையில் 4.2 கிலோ கஞ்சா. பையில் பூட்டு இல்லை, யாரோ வைத்துவிட்டார்கள் என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை, 20 ஆண்டு தண்டனை. உண்மை எதுவானாலும், அந்த வழக்கைப் படித்தவர்கள் அடுத்த பயணத்துக்குப் பூட்டு வாங்கினார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் லேசுப்பட்டதில்லை. 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, உங்கள் வசம் இருக்கும் பெட்டிக்குள் போதைப்பொருள் இருந்தால், அது உங்களுடையது, அது இன்னதென்று உங்களுக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அந்த ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தை அடுக்கி, கடத்தினீர்கள் என்றும் தீர்மானிக்க வழி செய்த 37ஏ பிரிவை 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. பையில் போதைப்பொருளோடு பிடிபட்ட இரண்டு வெளிநாட்டுப் பெண்களின் வழக்குகள் அவை. கட்டாய மரண தண்டனையும் 2023இல் போய்விட்டது. ஆனால் முதல் ஊகம் அப்படியே இருக்கிறது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டமும் கிட்டத்தட்ட இதே பாதைதான்.

இப்போது சொல்லுங்கள், நம் பெட்டிக்குள் அந்நியப் பொருள் எப்படி நுழைகிறது? பெரும்பாலும், பூட்டுவதற்கு முன்னால் வாசல் வழியாக நுழைகிறது. முதல் நாள் ராத்திரி, நீங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது.

"தம்பி, நாளைக்கு ஊருக்காமே? இது சின்னப் பார்சல்தான். திருச்சி ஏர்போட்டுக்கே வந்து வாங்கிக்குவாங்க."

பக்கத்துத் தெரு அக்கா. பழுப்பு டேப் சுற்றிச் சுற்றி ஒட்டிய ஒரு பொட்டலம். என்ன இருக்கிறது என்றால் கோடாலித் தைலம், மைலோ, பிள்ளைக்கு ஒரு கவுன் என்பார். பிரிக்கலாமா என்றால் முகம் சுருங்கும். "என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"உங்களை இல்லக்கா. இதை உங்ககிட்ட குடுத்தவங்களுக்கு யார் குடுத்தாங்களோ, அவங்களை."

விசாரித்தால் பொட்டலம் அக்காவுடையது இல்லை. பீடோரில் இருக்கும் தோழி கொடுத்தது. தோழிக்கு, அவர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன் கொடுத்தது. பையனுக்கு யார் கொடுத்தார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. கவுண்டரில் "உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" என்று கேட்பார்களே, அதை வெறும் சடங்கு என்று நினைத்துத் தலையாட்டுகிறோம்.

கோலாலம்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் சாமான் சுமக்கும் குருவிகள் கதை எல்லாருக்கும் தெரியும். 2008இல் விஜய் நடித்த படமே அந்தப் பேரில் வந்தது. இலவச டிக்கெட், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு, எடுத்துப்போக ஒரு பெட்டி. வேலையில்லாத பிள்ளைகளுக்கு இது வேலை மாதிரியே தெரியும். திருச்சியில் தங்கம் பிடிபட்டது என்ற செய்தி வராத மாதம் அபூர்வம். தங்கம் மட்டுமா? 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னையில் இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில் ஒருவர் பெட்டியிலிருந்து 47 மலைப்பாம்புக் குட்டிகளும் 2 பல்லிகளும் வெளியே வந்தன. அடுத்த பட்டையில் உங்கள் பெட்டி சுற்றிக்கொண்டிருந்திருக்கலாம்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒட்டிய பொட்டலம் வாங்குவதில்லை, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. அனுப்ப ஆசையா, பொருளாகக் கொண்டுவாருங்கள். என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, என் கண் முன்னால், என் பெட்டியில் நீங்களே அடுக்குங்கள். கடையில் மூடிய டின் என்றால் மூடி பிரியாமல் இருக்க வேண்டும். பெறுகிறவரின் பேரும் நம்பரும் எனக்கு வேண்டும். அடுக்கி முடித்துப் படம் எடுத்து, ஆரஞ்சு டை போட்ட பிறகு, எவ்வளவு நெருங்கிய சொந்தம் வந்தாலும் பெட்டி திறக்காது.

ஆரம்பத்தில் அக்கா கோபித்துக்கொண்டு ஒரு தீபாவளிக்குப் பலகாரம்கூட அனுப்பவில்லை. இப்போது பழகிவிட்டது. பிளாஸ்டிக் கூடையில் எல்லாவற்றையும் திறந்தபடி கொண்டுவந்து, "ஒவ்வொண்ணா பாத்துக்குங்க தம்பி, ஒங்க சட்டத்துக்கு" என்று பரப்பிவிட்டு, தேநீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே அடுக்குகிறார். எடை தாண்டினால் வெளியே வருவது எப்போதும் என் சட்டைகள்தான். கோடாலித் தைலத்தில் ஒரு பாட்டில் குறைக்கச் சொல்லிப் பாருங்கள், பார்க்கலாம்.